குழந்தைக்காக வாதாடும் அறிவியல்

"பால் பெரியதா, தண்ணீர் பெரியதா?"

1980இல் மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்து வயது, ஏழு வயதுக் குழந்தைகளிடம் கேட்ட கேள்வி இது. "சிவப்பு மஞ்சளைவிடக் கனமா?" என்றும் கேட்டார்கள். இரண்டு கேள்விக்குமே பொருள் இல்லை. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் பதில் சொன்னார்கள். சிலர் காரணமும் சேர்த்துச் சொன்னார்கள். "நீங்கள் கேட்பது புரியவில்லையே" என்று திருப்பிக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. பெரியவர் ஒருவர் முகம் பார்த்து ஒன்றைக் கேட்டால் அதற்கு ஒரு பதில் இருந்தே தீரும் என்று குழந்தை நம்புகிறது. பெரியவர்களை நம்பித்தான் அது உலகத்தையே கற்றுக்கொள்கிறது.

அதே வயதுக் குழந்தையை ஒரு நீதிமன்றத்தில் நிறுத்திப் பாருங்கள். எதிரே கறுப்பு அங்கி அணிந்த நீதிபதி. பக்கத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞர். காதில் மாட்டிய கருவியில் மொழிபெயர்ப்பாளரின் குரல். "உன்மீதான குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்டால் அந்தக் குழந்தை என்ன சொல்லும்? ஏதோ ஒன்றைச் சொல்லும். அந்த ஏதோ ஒன்று அதன் வாழ்க்கையை முடிவு செய்துவிடும்.

இது கற்பனைக் காட்சி அல்ல. அமெரிக்காவின் குடியேற்ற நீதிமன்றங்களில் நடப்பது. அந்நாட்டில் திருட்டு வழக்கில் பிடிபட்டவருக்கு வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் அரசே ஒருவரை அமர்த்த வேண்டும். 1963இல் உச்ச நீதிமன்றம் கிடியன் வழக்கில் அப்படித் தீர்ப்பளித்தது. 1967இல் சிறார் நீதிமன்றங்களுக்கும் அந்த உரிமை வந்தது. நாடுகடத்தல் வழக்கு மட்டும் குற்றவியல் வழக்காகக் கருதப்படுவதில்லை, அது உரிமையியல் வழக்கு. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசின் செலவில் அல்ல என்கிறது குடியேற்றச் சட்டம். மூன்று வயதுக் குழந்தைக்கும் இதே விதிதான். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குக்கூடப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் குடியேற்றச் சட்டம் புரிந்துவிடும் என்று மூத்த குடியேற்ற நீதிபதி ஒருவர் தந்த வாக்குமூலம் 2016இல் வெளிவந்து, குழந்தை உளவியல் அறிந்தவர்களைத் திகைக்கவைத்தது.

ஒரு குழந்தையால் என்ன முடியும் என்று சட்டம் எண்ணுவதற்கும், உண்மையில் அதன் மூளையாலும் நினைவாலும் உடலாலும் முடிவதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் உளவியலாளர்களும் சேர்ந்து நாற்பது ஆண்டுகளாக அந்தத் தூரத்தைக் குறைத்து வருகிறார்கள். அந்த உழைப்பில் மனித உடலைப் பற்றி நாம் அறிந்துகொண்டவை வியப்பானவை.

மோட்டலில் தொடங்கிய வழக்கு

1985. எல் சல்வடோரில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அங்கிருந்து தப்பி வந்த 15 வயதுச் சிறுமி ஒருத்தி கலிபோர்னியாவில் குடியேற்றத் துறையிடம் பிடிபட்டாள். பாசடீனாவில் சிறைபோல மாற்றப்பட்ட ஒரு பழைய மோட்டலில், அறிமுகமில்லாத பெரியவர்களோடு அவளையும் அடைத்தார்கள். அவளை அழைத்துப்போக அத்தை தயாராக இருந்தார். பெற்றோரிடமோ சட்டப்படியான பாதுகாவலரிடமோ மட்டும்தான் ஒப்படைப்போம் என்றது துறை.

பீட்டர் ஷே, கார்லோஸ் ஓல்கின் என்ற இரு லாஸ் ஏஞ்சலஸ் வழக்கறிஞர்கள் மற்றவர்களோடு சேர்ந்து, அந்தச் சிறுமிக்காக மட்டுமல்லாமல், அப்படிப் பிடிபடும் எல்லாச் சிறார்களுக்காகவும் வழக்குத் தொடுத்தார்கள். அவளுடைய குடும்பப் பெயரால் அது 'ஃப்ளோரஸ் வழக்கு' எனப்பட்டது. எட்டு ஆண்டுகள் நடந்து 1993இல் உச்ச நீதிமன்றத்தில் அந்த வழக்கு தோற்றது. ஏழு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள், இருவர் குழந்தைகளின் பக்கம். ஆனால் வழக்கின் மற்றப் பகுதிகள் கீழ் நீதிமன்றத்தில் உயிரோடு இருந்தன. வழக்கறிஞர்கள் விடவில்லை. 1997இல் அரசு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. தேவையற்ற தாமதமின்றிக் குழந்தையை உறவினரிடம் ஒப்படைக்க வேண்டும். வைத்திருக்க நேர்ந்தால் குழந்தைகள் இல்லம் நடத்த உரிமம் பெற்ற இடத்தில், கட்டுப்பாடு மிகக் குறைந்த சூழலில் வைக்க வேண்டும். பாதுகாப்பும் சுகாதாரமும் இருக்க வேண்டும். குழந்தைகளின் வழக்கறிஞர்கள் உள்ளே சென்று அவர்களோடு பேச அனுமதிக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதி சிறியதாகத் தெரியும். பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பதை வெளியுலகம் அறிந்ததே பெரும்பாலும் அதன் வழியாகத்தான். 2019 ஜூனில் டெக்சஸ் மாநிலம் கிளின்ட் என்ற ஊரின் எல்லைக் காவல் நிலையத்துக்குள் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் அந்த உரிமையோடு போனார்கள். சுமார் 350 சிறார்கள் அங்கே இருந்தார்கள். குளிக்க வழியில்லை, மாற்று உடை இல்லை. ஏழெட்டு வயதுச் சிறுமிகள் தங்களுக்கு உறவே இல்லாத கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே வாரத்தில் சான் பிரான்சிஸ்கோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு விசாரணை. உடன்பாட்டில் சோப்பு, பல்துலக்கும் பிரஷ் என்று பெயர் சொல்லி எழுதவில்லையே என்பது அரசுத் தரப்பு வாதம். கேட்டுக்கொண்டிருந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் வாலஸ் தஷிமா. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, அரிசோனாவில் அப்படிப்பட்ட முகாம் ஒன்றில் சிறுவனாக இருந்தவர் அவர். உண்ணத் தகுந்த உணவு, சுத்தமான நீர், சோப்பு, பற்பசை, தூக்கம் ஆகிய யாவும் குழந்தையின் பாதுகாப்புக்கு அடிப்படையானவை என்று அந்த அமர்வு ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

மடி செய்யும் மருத்துவம்

தூக்கமும் அரவணைப்பும் இல்லாமல் சில நாள் இருந்தால் என்ன, குழந்தைகள் எளிதில் மறந்துவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. உடலியல் அப்படிச் சொல்லவில்லை.

அச்சம் தோன்றியவுடன் மூளையின் அடியிலுள்ள ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. கார்ட்டிசால் இரத்தத்தில் கலக்கிறது. சர்க்கரை ஏறுகிறது, உடல் ஓடவோ எதிர்க்கவோ தயாராகிறது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் அடங்க வேண்டும். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போலத்தான் இது. தொட்டி நிறைந்ததும் யாராவது சுவிட்சை அணைக்க வேண்டும், விட்டுவிட்டால் மோட்டாரே கருகிப்போகும். பெரியவர்களின் மூளை அந்த சுவிட்சை ஓரளவு தானே அணைத்துக்கொள்ளும். சிறு குழந்தையால் அது முடியாது. குழந்தைக்காக அதை அணைப்பவர் தாய், தந்தை, பாட்டி, அதை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளும் யாரோ ஒருவர்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் குன்னரும் அவருடைய குழுவினரும் இதை அளந்து பார்த்தார்கள். புதிய ஆளையும் புதிய பொருளையும் கண்டு மிரளும் இயல்புள்ள 18 மாதக் குழந்தைகளின் உமிழ்நீரில் கார்ட்டிசாலைச் சோதித்தார்கள். தாயோடு உறுதியான பிணைப்பு உள்ள குழந்தைகளும் மிரளத்தான் செய்தார்கள். ஆனால் தாய் அருகில் இருந்தபோது அவர்களுடைய கார்ட்டிசால் ஏறவில்லை. அச்சம் மனத்தில் இருந்தும் அது உடலைத் தாக்காமல் தாயின் இருப்பு தடுத்துவிட்டது.

அந்தத் துணை நீண்ட நாள் இல்லாமல் போகும்போது ஏற்படும் நிலையை ஹார்வர்டின் ஜாக் ஷான்காஃப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நச்சு அழுத்தம் என்று அழைக்கிறார்கள். அடங்காத அழுத்தம், வளர்ந்துகொண்டிருக்கும் மூளையின் இணைப்புகளையும் நோய் எதிர்ப்பாற்றலையும் இதய ஆரோக்கியத்தையும் பாதிக்கிறது. ருமேனியாவின் புக்காரெஸ்டில் 2000இல் தொடங்கிய ஓர் ஆய்வு இதற்கு வலுவான சான்று. அநாதை இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். ஒரு குடும்பத்தின் மடி கிடைத்தவர்களின் அறிவுத்திறனும் மூளை மின் அலைகளும் மற்றவர்களைவிட மேம்பட்டன. இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். காலம் கடக்கக் கடக்க, மீட்பது கடினமாகிறது.

2018இல் அமெரிக்க அரசு எல்லையில் பெற்றோர் மீது குற்ற வழக்குப் போட்டு, குழந்தைகளைப் பிரித்துத் தனி முகாம்களுக்கு அனுப்பியது. அப்போது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் தலைவராக இருந்த காலீன் கிராஃப்ட் டெக்சஸில் ஒரு முகாமைப் பார்க்கப் போனார். பொம்மைகளும் வண்ணப் புத்தகங்களும் இருந்த அறையில் ஒரு சின்னப் பெண் குழந்தை கதறிக்கொண்டு பாயைக் கையால் அறைந்துகொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பணியாளரால் அதைத் தூக்கிச் சமாதானப்படுத்த முடியவில்லை, தொடக்கூடாது என்பது அவர்களுக்கு இருந்த விதி. அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்ட ஒரே மருந்து அதன் தாய் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அதை நாடறியச் சொன்னார்.

காங்கோவிலிருந்து புகலிடம் தேடி வந்த ஒரு தாய்க்காக அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் தொடுத்த வழக்கு அப்போது சான் டியேகோ நீதிமன்றத்தில் இருந்தது. தாயை நாட்டின் ஒரு மூலையிலும் சிறு வயது மகளை சிகாகோவிலும் வைத்திருந்தார்கள். பெற்றோரிடமிருந்து பிரிப்பது குழந்தையை எப்படிச் சிதைக்கும் என்ற ஆய்வுச் சான்றுகளும் நீதிமன்றத்தின் முன் வந்தன. 2018 ஜூன் 26 அன்று நீதிபதி டேனா சப்ரா பிரிப்பதை நிறுத்தும்படி ஆணையிட்டார். ஐந்து வயதுக்குட்பட்டவர்களை 14 நாளிலும் மற்றவர்களை 30 நாளிலும் பெற்றோரிடம் சேர்க்கச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் உமிழ்நீர்த் துளியில் அளந்த உண்மை, வழக்கறிஞர்களின் கை வழியாக ஒரு நீதிமன்ற ஆணைக்குள் வந்து சேர்ந்தது.

முரண்படும் நினைவு பொய்யல்ல

புகலிட வழக்கில் ஆவணங்கள் அரிது. உயிருக்குத் தப்பி ஓடுபவர் தன்னைத் துரத்தியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவதில்லை. எனவே பெரும்பாலான வழக்குகள் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: இவர் சொல்வதை நம்பலாமா? அதிகாரிகள் எடுத்துக்கொள்ளும் எளிய அளவுகோல் முரண்பாடு. எல்லையில் மூன்று பேர் தாக்கினார்கள் என்றவர் நீதிமன்றத்தில் நான்கு பேர் என்றால் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவது வழக்கம். அமெரிக்காவில் 2005இல் வந்த சட்டம், வழக்கின் உயிர்நாடியைத் தொடாத சில்லறை முரண்பாட்டை வைத்தும் ஒருவரை நம்பாமல் விடலாம் என்று நீதிபதிகளுக்கு அதிகாரம் தந்தது.

அதற்கு மூன்றாண்டு முன்பே, 2002இல், இங்கிலாந்தில் ஜேன் ஹெர்லிஹி, பீட்டர் ஸ்கிராக், ஸ்டூவர்ட் டர்னர் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். கொசோவோ, போஸ்னியா போர்களிலிருந்து வந்த 39 பேரிடம், நடந்த கொடுமை ஒன்றையும் சாதாரண நிகழ்ச்சி ஒன்றையும் பற்றிக் கேட்டார்கள். இடைவெளி விட்டு மறுபடியும் அதே கேள்விகள். இவர்கள் ஏற்கெனவே தங்க அனுமதி பெற்றவர்கள். பொய் சொல்லி அடைய ஒன்றுமில்லை. அப்படியும் இரண்டு விவரிப்புகளுக்கும் இடையே முரண்பாடுகள் பரவலாக இருந்தன. நிகழ்ச்சியின் மையத்தைவிட ஓரத்து விவரங்களில் அவை கூடுதலாக இருந்தன. மனக்காயம் ஆழமாக உள்ளவர்களிடம், பேட்டிகளுக்கு இடையிலான காலம் நீள நீள முரண்பாடுகளும் கூடின. அதாவது மிகக் கடுமையாகத் துன்பப்பட்டவரே, நீண்ட நாள் காத்திருக்க நேர்ந்தால், மிக எளிதாகப் பொய்யராகத் தெரிவார்.

இதன் காரணம் மூளை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து வரும்போது கவனம் சுருங்கி ஒரே பொருளில் குவிகிறது. 1987இல் எலிசபெத் லாஃப்டஸ் குழுவினர் ஓர் உணவகக் காட்சியைப் படங்களாகக் காட்டி, பார்ப்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். வாடிக்கையாளர் காசோலையை நீட்டியபோது கண்கள் எங்கும் உலவின. துப்பாக்கியை நீட்டியபோது கண்கள் துப்பாக்கியிலேயே அதிகமாக நின்றன. முகம் சரியாகப் பதியவில்லை. நிஜமான அச்சத்தில் இது இன்னும் மோசம். அமெரிக்க இராணுவத்தின் பயிற்சிப் பள்ளி ஒன்றில் 509 வீரர்களிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், பயிற்சிக்காகக் கடுமையாக மிரட்டி விசாரணை செய்தவரை மறுநாள் வரிசையில் நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்தவர். சரியாகக் காட்டியவர்கள் சுமார் 30 விழுக்காட்டினர்தான். மென்மையான விசாரணைக்குப் பிறகு அது இரு மடங்காக இருந்தது. பயிற்சி பெற்ற திடகாத்திரமான வீரர்களுக்கே இந்த நிலை என்றால், ஒன்பது வயதுச் சிறுவனிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம்?

குழந்தைக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. நடந்ததை அது தெளிவாகச் சொல்லும், எப்போது நடந்தது என்று சொல்லாது. மாதம், தேதி என்ற சட்டகத்தில் வாழ்க்கையை அடுக்கும் திறன் பள்ளிப் பருவத்தில் மெல்ல மெல்லத்தான் உருவாகிறது. அதனால்தான் அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் "எந்த மாதம்?" என்று கேட்பதில்லை. மழைக்கு முன்பா பின்பா, எந்த வகுப்பில் படித்தாய், தம்பி அப்போது நடக்கத் தொடங்கியிருந்தானா என்று கேட்கிறார்கள். தரையில் உட்கார்ந்து வண்ணக் கோல்களால் வீட்டையும் தெருவையும் வரையச் சொல்கிறார்கள். "அவர் உன்னை அடித்தாரா?" என்று கேட்டால் குழந்தை ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடும். "அன்றைக்கு என்ன நடந்தது, எல்லாம் சொல்லு" என்று கேட்டுக் காத்திருந்தால் உண்மை வரும். குழந்தைச் சாட்சிகளிடம் பேசுவது பற்றி மைக்கேல் லாம்ப் போன்றவர்கள் 1990களிலிருந்து செய்துவரும் ஆய்வுகளின் சாரம் இதுதான். குவாத்தமாலாவின் மலைகளிலிருந்து வரும் குழந்தைகள் பலருக்கு ஸ்பானிய மொழியே சரியாகத் தெரியாது. மாம், கிச்சே போன்ற மாயா மொழிகள்தான் அவர்களுடைய தாய்மொழி. அந்த மொழியில் பேசும் ஒருவரைத் தேடிப்பிடிப்பதும் வழக்கறிஞரின் வேலை.

புகலிடம் கோரும் குழந்தைகளுக்கு ஐயத்தின் பலனைத் தாராளமாகத் தர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் 2009இல் வழிகாட்டியது. அறிவியல் அறிந்ததைச் சட்டத்தின் மொழியில் சொன்ன நல்ல வழிகாட்டுதல் அது.

மணிக்கட்டில் எழுதிய வயது

சில நேரம் முதல் சண்டையே வயதைப் பற்றியது. 17 வயது என்றால் குழந்தை, 18 என்றால் பெரியவர். ஒரு பிறந்தநாள் தாண்டினால் குழந்தைகள் இல்லத்திலிருந்து பெரியவர்களுக்கான தடுப்பு மையத்துக்கு மாற்றிவிடலாம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத சிறுவனின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் உடல் தன் வளர்ச்சியை எலும்பில் குறித்துக்கொண்டே வருகிறது. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அங்கே இருக்க வேண்டிய எட்டுச் சிறு எலும்புகள் தெரியாது. அவை அப்போது குருத்தெலும்பாக மட்டுமே இருக்கும். முதல் சில மாதங்களில் இரண்டு புள்ளிகள் தோன்றும். பிறகு ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக மற்றவை சேரும். நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பட்டை இருக்கும். உயரம் கூடுவது அங்கேதான். பதின்வயதின் முடிவில் அந்தப் பட்டை எலும்பாகி மூடிக்கொள்ளும்.

இந்த வரிசையைப் படம் படமாகத் தொகுத்து வில்லியம் கிரூலிக், இடெல் பைல் இருவரும் 1950இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். இன்றும் உலகமெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துவது அதைத்தான். ஆனால் அந்தப் படங்களிலுள்ள கைகள் ஒஹாயோ மாநிலம் கிளீவ்லாந்தைச் சேர்ந்த, வசதியான வெள்ளையினக் குடும்பங்களில் பிறந்த குழந்தைகளுடையவை. நூலின் நோக்கம் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிவது. வயது தெரிந்த குழந்தையின் எலும்பு எவ்வளவு முந்தியிருக்கிறது, பிந்தியிருக்கிறது என்று பார்க்க உருவானதை, வயது தெரியாதவனின் வயதைத் தீர்மானிக்கப் பயன்படுத்தினார்கள். பதின்வயதில் ஒரே வயதுச் சிறுவர்களின் எலும்பு முதிர்ச்சி இயல்பாகவே ஓராண்டு, இரண்டாண்டு முன்பின்னாக இருக்கும். சத்துக்குறைவு எலும்பைத் தாமதப்படுத்தும். ஞானப்பல்லும் இப்படித்தான், சிலருக்கு 17இல் முளைக்கும், சிலருக்கு 25 வரை முளைக்காது. 17 வயதையும் 18 வயதையும் எக்ஸ்ரே படத்தில் பிரித்துக் காட்ட எந்த மருத்துவராலும் முடியாது.

இதை வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்கள். ஆள்கடத்தலுக்கு இலக்கானோரைக் காக்க அமெரிக்காவில் 2008இல் வந்த வில்பர்ஃபோர்ஸ் சட்டம், எக்ஸ்ரேயை மட்டும் நம்பி வயதை முடிவு செய்யக்கூடாது, பலவகைச் சான்றுகளையும் பார்க்க வேண்டும் என்றது. துணையின்றி வரும் குழந்தையை 72 மணி நேரத்துக்குள் எல்லைக் காவலர்களிடமிருந்து நலத்துறையின் பொறுப்புக்கு மாற்ற வேண்டும் என்றும் அதே சட்டம் விதித்தது. வயது என்பது அதிகாரியின் கருத்தைப் பொறுத்தது அல்ல, நீதிமன்றமே சான்றுகளை எடைபோட்டு முடிவு செய்ய வேண்டிய உண்மை என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது.

தழும்பின் விளிம்பு

உடலின் இன்னொரு சாட்சி தழும்பு. அதைப் படிக்கும் முறையை உலகுக்கு வகுத்துத் தந்தது 1999இல் ஐக்கிய நாடுகள் அவையிடம் அளிக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை. 2022இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. ஒருவர் சொல்லும் சித்திரவதைக்கும் அவர் உடலிலுள்ள காயத்துக்கும் எவ்வளவு பொருத்தம் என்பதை மருத்துவர் ஐந்து படிகளில் சொல்ல வேண்டும். பொருந்தவில்லை என்பது அடிப்படி. வேறு எதனாலும் வந்திருக்க முடியாது என்பது உச்சப்படி.

இதன் வலிமையைக் காட்டிய வழக்குகளில் ஒன்று நம்மவருடையது. இலங்கையிலிருந்து பிரிட்டன் சென்ற தமிழர் ஒருவர், படையினரின் காவலில் இருந்தபோது பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடப்பட்டதாகச் சொன்னார். முதலில் கையில் சுட்டார்கள், வலி தாங்காமல் நினைவிழந்தேன், பிறகு முதுகில் சுட்டிருக்கிறார்கள் என்பது அவர் கூற்று. மருத்துவர் தழும்புகளின் விளிம்பைப் பார்த்தார். முதுகில் இருந்தவற்றின் விளிம்பு கோடு கிழித்ததுபோலத் தெளிவாக இருந்தது. கையில் இருந்தவை மங்கலாக இருந்தன. நினைவுள்ளவர் சூடு பட்டதும் கையை உதறுவார், அதனால் விளிம்பு கலையும். நினைவிழந்தவர் அசையமாட்டார், அதனால் விளிம்பு கூர்மையாக நிற்கும். அவர் வாய் சொன்ன வரிசையைத் தோல் அப்படியே பதிந்து வைத்திருந்தது.

ஆனாலும் தீர்ப்பாயம் நம்பவில்லை. புகலிடம் கிடைப்பதற்காகத் தானே வேறொருவரைக்கொண்டு, மயக்க மருந்தில் இருந்தபடி, சூடு போட்டுக்கொண்டிருக்கலாம் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மையாக அதை ஏற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2019 மார்ச் 6 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். அப்படித் தன்னைத்தானே சுட்டுக்கொள்பவர்கள் அரிதிலும் அரிது என்பதைத் தீர்ப்பாயம் கருத்தில் கொண்டிருக்க வேண்டும் என்றார்கள். காயம் எப்படி வந்தது என்று சொல்வதோடு, சொல்லப்பட்ட கதையோடு அது ஒத்துப்போகிறதா என்றும் கருத்துச் சொல்ல மருத்துவருக்கு உரிமை உண்டு என்று தெளிவுபடுத்தி, வழக்கைப் புதிதாக விசாரிக்கச் சொன்னார்கள். ஒரு தமிழரின் முதுகுத் தழும்பு, பிரிட்டனில் புகலிடம் கேட்கும் எல்லா நாட்டவருக்குமான சட்டத்தைத் திருத்தியது.

சாட்சியைக் கூண்டுக்குக் கொண்டுவருபவர்

மூளை, நினைவு, எலும்பு, தோல் யாவும் பேசத் தயாராக இருக்கின்றன. ஆனால் அவை தாமே நீதிமன்றத்துக்கு நடந்து வருவதில்லை. மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும், அறிக்கை வாங்கவும், கெடு தவறாமல் தாக்கல் செய்யவும், அதை நம்ப மறுக்கும் தீர்ப்பை மேல்முறையீடு செய்யவும் ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை எண்களே சொல்கின்றன. துணையின்றி வந்த சிறார்களின் வழக்குகளை சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் தரவு மையம் 2014இல் ஆராய்ந்தது. வழக்கறிஞர் இருந்த சிறார்களில் 73 விழுக்காட்டினருக்கு நாட்டில் தங்க வழி கிடைத்தது. தனியாக நின்றவர்களில் 15 விழுக்காட்டினருக்கு மட்டுமே. இங்ரிட் ஈக்லி, ஸ்டீவன் ஷேஃபர் இருவரும் 2007 முதல் 2012 வரை முடிந்த 12 லட்சம் நாடுகடத்தல் வழக்குகளை ஆராய்ந்தபோது, 37 விழுக்காட்டினருக்குத்தான் வழக்கறிஞர் இருந்தார். தடுப்பில் இருந்தவர்களில் அது 14 விழுக்காடு. மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள் அமைப்பு 2000 முதல் 2004 வரை மருத்துவ அறிக்கை தந்த வழக்குகளில் தீர்ப்பானவற்றில் 89 விழுக்காட்டினருக்குப் புகலிடம் கிடைத்தது. அப்போது நாட்டின் சராசரி 37.5. வலுவான வழக்குகளையே வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் ஏற்கிறார்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதைக் கழித்துப் பார்த்தாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

இந்தப் பணி எப்போதும் ஒரு நூலில் தொங்குகிறது. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு, துணையின்றி வந்த சுமார் 26,000 சிறார்களுக்குச் சட்ட உதவி தந்துவந்த ஒப்பந்தத்தை நிறுத்தியது. அடுத்த சில நாட்களில் கலிபோர்னியா நீதிமன்றம் ஒன்று அந்த நிறுத்தத்துக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அந்தத் தடையை வாங்கியவர்களும் வழக்கறிஞர்கள்தான்.

1989இல் உருவான குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குழந்தையை அடைத்துவைப்பது கடைசி வழியாக மட்டும், மிகக் குறைந்த காலத்துக்கு மட்டும் இருக்க வேண்டும் என்கிறது. அடைத்தால் உடனே சட்ட உதவி தர வேண்டும் என்கிறது. ஐக்கிய நாடுகளின் உறுப்பு நாடுகளில் அதை ஏற்று உறுதிசெய்யாத ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1992இல் ஏற்றது. ஆனால் 1951இன் அகதிகள் உடன்படிக்கையில் நாம் இன்னும் கையெழுத்திடவில்லை. புகலிடத்துக்கென்று ஒரு தேசியச் சட்டமும் நம்மிடம் இல்லை. ஈழத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ்நாட்டு முகாம்களிலேயே பிறந்து வளர்ந்திருக்கும்போது, இது தொலைதூரச் செய்தி என்று நாம் தள்ளிவைக்க முடியாது.

எங்கோ ஒரு நாட்டில் ஒருவரின் வாக்குமூலம் முன்னுக்குப்பின் முரணாக இருந்ததால் புகலிடம் மறுக்கப்பட்டது என்று படிக்கும்போது, அவரைப் பொய்யர் என்று முடிவு செய்யும் முன் இந்த ஆய்வுகளை எண்ணிப் பாருங்கள். எக்ஸ்ரேயில் வயது தெரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எவ்வளவு பிழை வரம்போடு என்று கேளுங்கள். அடைபட்ட குழந்தை விரைவில் மறந்துவிடும் என்று சொல்பவருக்குக் கார்ட்டிசாலைப் பற்றிச் சொல்லுங்கள். எந்த நாட்டு நீதிமன்றமானாலும் ஒரு குழந்தை அங்கே தனியாக நிற்கக்கூடாது. இதுவரை அறிவியல் அறிந்த அத்தனையும் இதைத்தான் சொல்கிறது. சட்டம் அதைக் கேட்டாக வேண்டும்.